கூலியிலும் நிறையிலும் தெரியும் விசுவாசம்

குமரி மாவட்டத்தின் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் ஆலயமணி கேட்காத ஊர் அரிது என்பதால், ஒருவர் ஆராதனைக்குப் போவதை வைத்து அக்கம்பக்கத்தார் அவருடைய விசுவாசத்தை மதிப்பதில்லை. கொடுக்கல் வாங்கலில் அவர் எப்படி என்றே பார்க்கிறார்கள். ஆகவே, விசுவாசத்துக்கேற்ற நடக்கையைப் பழக விரும்புகிறவர் பணம் கைமாறும் இடத்திலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் கூலி. உங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவருக்கும் வீட்டுவேலை செய்கிறவருக்கும் சேரவேண்டியதை, பேசிய நாளில், அவர்கள் கேட்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். கூலியாளின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. சம்பளப் பாக்கியை வைத்துக்கொண்டு ஸ்தோத்திரக் காணிக்கை போடுகிறவர், என்னைக் கேட்டால், பிறர் பணத்தைத்தான் தேவனுக்குக் கொடுக்கிறார்.

அடுத்தது நிறை. சரியாகக் காயாத ரப்பர் ஷீட்டை எடைக்குப் போடவும், தேனில் சர்க்கரைப்பாகு கலக்கவும் துணிவு வருவது, எல்லைக்கு அப்பாலிருந்து, அதாவது கேரளத்தின் பாறசாலைப் பக்கத்திலிருந்து, வந்து வாங்குகிறவர் திரும்பி வரப்போவதில்லை என்ற நினைப்பில்தான். அவரிடமே நேர்மையைப் பழகுங்கள். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பு வேரூன்றியதில், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஏழை வீட்டுக்கு வருமானம் வர வழிகாட்டுவதையும் ஊழியமாகக் கருதியவர்கள் வளர்த்த தொழிலில் கலப்படம் செய்வது வெறும் வியாபாரத் தந்திரம் ஆகாது.

மூன்றாவது, எல்லாவற்றிலும் கடினமானது, ஒப்புரவாகுதல், அதாவது பகை தீர்த்துச் சமாதானமாவது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னது (மத்தேயு 5:23-24) தேவனுக்கும் மனிதருக்கும் உரிய கடமைகளை ஒன்றாகவே கட்டிவிடுகிறது. வேலித் தகராறு இருந்தால், திருவிருந்துக்கு முன்பே, சாட்சிக்கு ஆள் கூட்டாமல், நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள்; பழைய கதையைப் பேசாமல், நிலத்தை அளந்து பார்க்கச் சம்மதம் கேளுங்கள். அளவில் உங்கள் பக்கம் கூடியிருந்தால் மண்ணைத் திருப்பிக் கொடுங்கள். வரிவசூலிப்பவனான சகேயு, இயேசுவிடம், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னான். நாம் எடுத்த அளவையாவது கொடுக்கலாம்.

பந்தியையும் கவனியுங்கள். நட்டாலத்தில் பிறந்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம், சாதி வேற்றுமை பாராமல் எல்லாரோடும் பழகியவர். 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டதைக் கொண்டாடிய நம் வீடுகளில், கல்யாண அழைப்பிதழ் எந்தத் தெருவோடு நின்றுவிடுகிறது என்று பார்ப்பது அவசியம்.

தருமம் செய்தால் சபை அறிவிப்பில் சேர்க்கச் சொல்லவேண்டாம். குடும்ப ஜெபம் சுருக்கமாக இருந்தாலும் தவறாமல் நடக்கட்டும். இப்படி நடப்பது ஏன் என்று அயலார் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்லும் சாந்தத்தோடு இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். ஆலயத்துக்கு அழைப்பதை, அவரே மேலும் கேட்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.