ஷாவோலின் சாக்கர் முதல்முறை பார்ப்பவர்களுக்கு: மொட்டை மாடிக் காட்சி வைப்பது எப்படி?

ஷாவோலின் மடத்துச் சண்டைக்கலையையும் கால்பந்தையும் கலந்த ஹாங்காங் நகைச்சுவைப் படம் இது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை ரசிக்கப் பாதித் தயாரிப்பு ஏற்கெனவே இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடப்புறங்களில் செவன்ஸ் என்கிற எழுவர் கால்பந்து பார்த்தே வளர்கிறார்கள். கடலை விட்டு உள்ளே போனால், ஆசானிடம் அடிமுறை என்கிற தற்காப்புக் கலையின் சுவடு பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பந்து தெரியும், இன்னொருவருக்கு அடி தெரியும். இருவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் இந்தப் படம் பிரமாதமாக ஓடும். அப்படியும் சிலர் பாதியில் எழுந்து போவதுண்டு. பெரும்பாலும் குறை படத்தில் இருக்காது, காட்டிய விதத்தில்தான் இருக்கும்.

1. சரியான பதிப்பு

ஸ்டீபன் சோவ் இயக்கி நடித்து 2001-ல் ஹாங்காங்கில் வெளிவந்த படம். அடுத்த ஆண்டு ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும் இதற்கே கிடைத்தன. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் ஆங்கிலத்தில் டப் செய்து, சுமார் 87 நிமிடத்துக்கு வெட்டிவிட்டார்கள். அதை வாங்க வேண்டாம். கன்டோனீஸ் பேச்சோடு 100 நிமிடத்துக்கு மேல் ஓடும் பதிப்பைத் தேடுங்கள். இதில் பாதிச் சிரிப்பு குரலில் இருக்கிறது. கோச்சாக வரும் இங் மான்-டாட் அலுத்துக்கொள்வதற்கும் கத்துவதற்கும் ஈடாக எந்த டப்பிங்கும் வராது.

2. எழுத்துகளைச் சரிபார்த்தல்

சப்டைட்டில் கோப்பைத் தனியாக எடுத்தால் முதல் நாளே மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள்: 5-வது நிமிடம், 50-வது நிமிடம், கடைசி 10 நிமிடம். மூன்றிலும் ஒரே அளவு பிந்தினால் கவலை இல்லை. விஎல்சி பிளேயரில் ஜி விசையை அழுத்தினால் எழுத்து முந்தும், ஹெச் அழுத்தினால் பிந்தும். ஓர் அழுத்துக்கு 50 மில்லி விநாடி.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் ஃப்ரேம் வேகம், அதாவது ஒரு விநாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை, பொருந்தவில்லை. 23.976-க்கு எழுதியதை 25-ல் ஓடும் படத்தோடு சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிட வித்தியாசம் வந்துவிடும். ஓரிடத்தில் திடீரென்று குதித்தால் அது வெட்டிய பதிப்புக்கான கோப்பு. இந்த இரண்டுக்கும் விசை அழுத்திப் பயனில்லை, கோப்பையே மாற்றுங்கள்.

ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராத பெரியவர்களும் பிள்ளைகளும் இருந்தால், ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். சுருக்கமாகச் சொல்ல வேண்டும், முக்கியமாக நகைச்சுவை முடிந்த பிறகே சொல்ல வேண்டும். முந்திச் சொன்னால் சிரிப்பு செத்துவிடும்.

3. திரையும் காற்றும்

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் மற்ற மாதங்களில் வானத்தை நம்ப முடியாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்தவர்கள் காற்று வீசும் ஆனி, ஆடியில் மாடியில் துணி கட்ட முயலவே வேண்டாம், வீட்டுக்குள் சுவரில் காட்டுங்கள்.

8 அடி அகலத் திரைக்கு, சாதாரண புரொஜெக்டரை 10 முதல் 12 அடி தள்ளி வைத்தால் போதும். வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டாக மடித்து, பின்னால் கறுப்புத் துணி கொடுங்கள். ஒற்றைத் துணி என்றால் வெளிச்சம் ஊடுருவிப் போய் படம் மங்கும். அடிப்பக்கம் ஒரு மூங்கில் கழி செருகிக் கட்டினால் துணி அலையாது. பொழுது 6.15-க்கும் 6.45-க்கும் இடையில் சாயும். 7.15-க்குத் தொடங்கினால் திரை தெளிவாக இருக்கும். கட்டன் சாயாவும் நேந்திரங்காய் சிப்ஸும் முன்பே கைக்கு வந்துவிட வேண்டும், நடுவில் எழுந்து போகிற படம் இல்லை இது.

4. தொடங்குமுன் சொல்ல வேண்டியவை

கதையைச் சொல்லாதீர்கள். இதை மட்டும் சொல்லுங்கள்: ஆறு பேர் ஷாவோலின் சீடர்கள், ஒரே குருவின் பிள்ளைகள் மாதிரி. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வித்தை. இரும்புத் தலை, கொக்கிக் கால், இரும்புச் சட்டை, வெறுங்கை, இறகு எடை, எஃகுக் கால். குரு போனபின் வித்தைக்கு வேலை இல்லை. ஒருவர் உணவகத்தில் தட்டு கழுவுகிறார், ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறார், எஃகுக் கால்காரர் குப்பை பொறுக்குகிறார்.

வெறுங்கைக்காரர் கோல்கீப்பராக நிற்கும்போது மஞ்சள் உடுப்பையும் முடியையும் பார்த்தாலே புரூஸ் லீ என்று எல்லாருக்கும் தெரியும், விளக்க வேண்டாம். பந்து பழக்கமில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு விதி: ஓர் அணியில் ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டம் தொடர முடியாது. இறுதிப் போட்டியின் பதற்றத்துக்கு இது தேவைப்படும்.

5. பார்க்கும்போது

பலர் தவறுவது இங்கேதான். பெரிய ஆட்டங்கள் வரும்வரை ஓட்டிவிடலாம் என்று முதல் 40 நிமிடத்தைத் தாண்டாதீர்கள். இவர்கள் எவ்வளவு கீழே கிடக்கிறார்கள் என்று பார்க்காதவருக்குப் பின்னால் பந்து தீப்பற்றிப் பறக்கும்போது வெறும் கிராஃபிக்ஸ்தான் தெரியும்.

இரண்டு இடங்களில் கண்ணைக் கூர்மையாக வையுங்கள். தொடக்கத்தில் எஃகுக் கால்காரர் ஒரு டின்னை வானத்தில் உதைத்து விடுகிறார், அது கீழே விழுவதே இல்லை. கோச்சும் அதை மறந்துவிடுகிறார். பின்னால் அந்த டின் எங்கே எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்கிற காட்சியில்தான் படம் தன் சட்டத்தை அறிவிக்கிறது: இங்கே பலம் உண்மை, உலகம்தான் அதைக் கவனிக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டால் பிறகு வருகிற எதுவும் அபத்தமாகத் தோன்றாது.

இரண்டாவது, ஆவியில் வேகவைக்கும் மாவு உருண்டைக் கடையில் முய் என்ற பெண் மாவு பிசைகிற காட்சி. அவள் கை வட்டமாகச் சுழல்கிறது, மாவு காற்றில் மிதந்து திரும்புகிறது. அது தை-சி என்கிற சீனத் தற்காப்புக் கலை. வருகிற விசையைத் தடுப்பதில்லை, வாங்கித் திருப்பிவிடுகிறது. அடிமுறையில் பூட்டு, அதாவது எதிராளியின் கை காலை முடக்கும் பிடி, பழகியவர்கள் எதிராளியின் இழுப்பையே எடுத்து அவனை மடக்குவதை அறிவார்கள். அவர்கள் இந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்தக் கைச் சுழற்சியை நினைவில் வையுங்கள், மேற்கொண்டு சொல்ல மாட்டோம்.

ரௌடிகளோடு நடக்கும் பயிற்சி ஆட்டம் சட்டென்று போர்க்களமாக மாறும். அடி வலிக்கிற மாதிரி இருக்கும், சிறு பிள்ளைகள் முகம் சுளிக்கலாம். நிறுத்தாதீர்கள். அதே ஆட்டத்தில்தான் அண்ணன் தம்பிமார் வித்தை திரும்புகிறது. அந்த அவமானத்தையும் எழுச்சியையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும்.

6. மறுநாள்

பிள்ளைகள் பைசிக்கிள் கிக் (மல்லாந்து துள்ளித் தலைக்கு மேலாகப் பந்தை உதைப்பது) அடித்துப் பார்ப்பார்கள், தடுக்க முடியாது. சரல் மண் மைதானத்தில் வேண்டாம், கடற்கரை மணலுக்கு அனுப்புங்கள். உதைக்கும் காலைக் கவனிக்கும் பையன் கையை நேராக ஊன்றி விழுவான், மணிக்கட்டு போய்விடும். முழங்கையை மடக்கி, தோள்பட்டையின் பின்பக்கம் மணலில் படும்படி விழ முதலில் பழக்குங்கள். அது வந்தபின் பந்தைக் கொடுக்கலாம்.