பழைய கார் வாங்குகிறீர்களா? மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பத்துப் பன்னிரண்டு வயதான கார் வாங்க நினைப்பவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்வதும் என் பட்டறை வேலையில் ஒன்று. ஓட்டிப் பாருங்கள், இன்சூரன்ஸ் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்து கையைச் சுட்டுக்கொள்ளும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

குறைந்த கிலோமீட்டரை நம்பி வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். "அண்ணே, 2011 மாடல், சிங்கிள் ஓனர், 27,000தான் ஓடியிருக்கு" என்பார்கள். அதற்குள் அட்வான்ஸும் கொடுத்திருப்பார்கள்.

திருவான்மியூர் பக்கம் ஓர் அபார்ட்மென்டில் நின்றிருந்த சின்ன பெட்ரோல் கார் அப்படித்தான் வந்தது. வயதான ஓனர் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்த வண்டி. பெயின்ட் பளபளவென்று இருந்தது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 1411, அதாவது 2011-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம் தயாரான டயர். பட்டன் தேயவே இல்லை, ஆனால் ரப்பர் முழுக்க வெடிப்பு. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே துருத்தண்ணீர். ஜாக்கி போட்டுத் தூக்கி, கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் அடியில் ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், உள்ளே போய்விட்டது, அவ்வளவு துரு. கடல் காற்றுக்கு வண்டி ஓடினால் என்ன, நின்றால் என்ன.

இன்ஜின் வால்வுகளை இயக்குகிற டைமிங் பெல்ட்டையாவது முதலில் மாற்றுங்கள் என்றேன். "இவ்வளவு கம்மியா ஓடின வண்டிக்கு எதுக்குண்ணே?" என்று சொல்லிவிட்டு வண்டி வாங்கிய தம்பி கிளம்பிவிட்டார். கூடுவாஞ்சேரி தாண்டியதும் பெல்ட் அறுந்தது, வால்வுகள் வளைந்தன, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இன்ஜின் ஹெட்டை இறக்கிச் செய்த செலவு கார் விலையில் கால்வாசி. பெல்ட், ஹோஸ், சீல், புஷ் என்று ரப்பரில் செய்த எதற்கும் வண்டி நின்றாலும் வயதாகும். சர்வீஸ் அட்டவணையில் கிலோமீட்டரோடு மாதக் கணக்கும் போட்டிருப்பது அதனால்தான்.

அந்த மீட்டராவது உண்மை பேசியது. டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைத்துத் தருகிற ஆட்களும் உண்டு. 40,000 என்று காட்டும் காரில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, டிரைவர் சீட்டின் ஓரம் அமுங்கிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். ஓனரையே சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போய், பழைய பில்களில் உள்ள கிலோமீட்டரைத் தேதிவாரியாகச் சரிபாருங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து தினமும் சிறுசேரி போய்வந்து 1,10,000 ஓடிய வேகன் ஆர், பில்லெல்லாம் ஃபைலில் பத்திரமாக இருந்தால், நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். மாற்ற வேண்டியதையெல்லாம் யாரோ ஏற்கெனவே காசு போட்டு மாற்றியிருப்பார்கள்.

ஸ்பேர் விசாரிக்காமல் வாங்குவது

கார் பிடித்துப்போன பிறகு, பேரம் பேசுவதற்கு முன்னால், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இரண்டு ஸ்பேர் கடை ஏறி இறங்குங்கள். ஹெட்லைட், லோயர் ஆர்ம், கிளட்ச் செட் மூன்றுக்கும் விலை கேளுங்கள். ஆல்டோ, சான்ட்ரோ மாதிரி கார் என்றால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்து வைப்பார். புதுசு வேண்டாம் என்றால் பழைய ஸ்பேர் விற்கும் புதுப்பேட்டை இருக்கிறது. செவ்ரோலே போல இந்தியாவில் விற்பனையையே நிறுத்திவிட்ட கம்பெனிகளின் கார்கள் அதே பணத்துக்குப் பெரிதாகவும் சொகுசாகவும் கிடைக்கும். ஸ்பேர் எங்கே கிடைக்கும், யார் வேலை செய்வார் என்று தெரிந்துகொண்ட பிறகு ஆசைப்படுங்கள்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015-லும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் முங்கின. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள். அடியில் சேற்றுக் கறை தெரிந்தால் கிளம்பிவிடுங்கள்.

வெளிமாநில வண்டி

மலிவு என்று ஓடாதீர்கள். பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி), தமிழ்நாட்டுச் சாலை வரி இரண்டையும் கூட்டிவிட்டு விலையைப் பாருங்கள்.

ஆர்சி

ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கினால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிப்பார்கள். தேதி நெருங்கியிருந்தால் அந்தச் செலவையும் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பேங்க் லோன் நீங்காத ஆர்சிக்கு முழுப் பணம் கொடுக்கவே வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் கையெழுத்து வாங்கிய பிறகே சாவியை வாங்குங்கள்.