காஷ்மீர் எல்லைக் கிராமங்களுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குரேஸ், கேரன், உரி என்று எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய ஊர்களுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் சறுக்குவது செல்போனில்தான். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. லடாக்கிலும் அதே கதை. ஸ்ரீநகரில் இறங்கியபின் டாக்ஸிக்காரரையும் கூப்பிட முடியாது, வங்கி ஓடிபியும் வராது. வீட்டில் இருக்கும்போதே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். ஐந்து பேருக்கு ஒரு போஸ்ட்பெய்ட் என்பதும் சரிவராது, பிரிந்துவிட்டால் தேடிப் பிடிக்க வழியில்லை. சிக்னலுக்குப் பயந்து சாட்டிலைட் போன் கொண்டுபோவது அதைவிட மோசம்: அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. ட்ரோனும் வேண்டாம்.

இரண்டாவது, பழைய யூடியூப் வீடியோவை நம்பித் திட்டம் போடுவது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள்மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்களை மூடினார்கள். எல்லாம் ஒரே நாளில் திறக்கவில்லை. எந்த ஊர் திறந்திருக்கிறது, அனுமதிச் சீட்டு வேண்டுமா என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் அந்த ஊர்த் தங்குமிடத்திலேயே கேளுங்கள். அடையாள அட்டை அசலாக இருக்கட்டும்.

நாள் கணக்கை இறுக்கிப் போடுவதும் ஆபத்து. குரேஸுக்குப் போகும் ராஸ்தான் கணவாய் 11,000 அடிக்கு மேல். பனி கொட்டினால் பாதை அடைபடும். விமானத்துக்கு முந்தைய இரவாவது ஸ்ரீநகருக்கு வந்துவிடுங்கள், கையில் ஒரு நாள் உபரி இருக்கட்டும். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் சண்டையின்போது ஸ்ரீநகர், ஜம்மு, லே உட்பட 32 விமான நிலையங்கள் சில நாள் மூடிக்கிடந்தன. பயணக் காப்பீடு இருக்கிறதே என்றால், பெரும்பாலான பாலிசிகளில் போர்ச் சேதத்துக்குப் பணம் கிடையாது. சின்ன எழுத்தைப் படியுங்கள்.

சாலையில் ராணுவ கான்வாய் (வரிசையாகச் செல்லும் வண்டிகள்) வந்தால் ஓரம் கட்டி நிற்க வேண்டும். நடுவில் புகுந்து முந்தச் சொல்லி ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் வெடிகுண்டுக் கார் மோதியது இப்படிப் போன மத்திய ரிசர்வ் போலீஸ் படை (சிஆர்பிஎஃப்) கான்வாயின் பேருந்தில்தான். நெருங்கும் எந்த வண்டியையும் வீரர்கள் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

கேரனில் கிஷன்கங்கா ஆறுதான் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு, அக்கரை பாகிஸ்தான் வசம். எதிர்க்கரை வீடுகளில் துணி காய்வதுகூடத் தெரியும். அந்த நெருக்கத்தில் மயங்கித் தண்ணீரில் இறங்குவதும், பதுங்கு குழி, பாலம், சோதனைச் சாவடி பக்கம் கேமராவை ஜூம் செய்வதும் வேண்டாத வேலை. புல்வெளியில் துருப்பிடித்த இரும்புத் துண்டு கிடந்தால் எடுக்காதீர்கள், உதைக்காதீர்கள். வெடிக்காத பீரங்கிக் குண்டாக இருக்கலாம். வந்த தடத்திலேயே திரும்பி நடந்து, அருகிலுள்ள ராணுவச் சாவடியில் சொல்லுங்கள்.