புது மீன் தொட்டி வைக்கறப்ப நாம பண்ற தப்புங்க, நான் பண்ணதையும் சேர்த்து

தர்மபுரியில எங்க வீட்ல முதல் தடவை தொட்டி வச்சப்ப காலைல தொட்டி வாங்கி மத்தியானம் தண்ணி ரொப்பி சாயங்காலமே எட்டு கோல்டு ஃபிஷ் விட்டாச்சு. ரெண்டடி தொட்டி, அம்பது லிட்டர் தான் புடிக்கும். மூணாம் நாள் பார்த்தா அரிசி களைஞ்ச தண்ணி மாதிரி வெளுத்துக் கெடக்கு, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது. பதறிப்போய் மொத்த தண்ணியையும் கொட்டி, தொட்டி ஃபில்டர் கல்லு எல்லாத்தையும் குழாயில தேய்ச்சுக் கழுவி புதுத் தண்ணி விட்டேன். அந்த வாரமே ஆறு செத்துச்சு. கடையில போய் கேட்டா "மீன்ல ஒன்னும் இல்லீங்க, உங்க தண்ணி தான் சரியில்ல"ங்கறாங்க. எனக்கு அப்ப கோவம் தான் வந்துச்சு, ஆனா சொன்னதுல பாதி நெசம்.

மீனோட கழிவுலயும் மிச்சம் கெடக்கற சாப்பாட்டுலயும் அமோனியா வரும், அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம் தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டா மாத்தும், அது அவ்வளவா ஒன்னும் பண்ணாது, வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போயிரும். இந்த பாக்டீரியா தண்ணியில மிதக்கறதை விட ஃபில்டர் ஸ்பாஞ்ச்லயும் கல்லுலயும் தான் ஒட்டிக்கிட்டு வளரும், அதுக்கு 4-லேர்ந்து 6 வாரம் ஆகும். புதுத் தொட்டியில அது கெடையவே கெடையாது. நான் மூணு நாள்ல வந்த கொஞ்சநஞ்சத்தையும் குளோரின் தண்ணியில தேய்ச்சு கழுவி விட்டுட்டேன்.

இதுக்கு நம்ம வீட்டு வழியே இருக்கு, உறை ஊத்தறது தான். மீன் வளக்கற ஃபிரண்டு யாராச்சும் இருந்தா அவங்க பழைய ஸ்பாஞ்சை ஒரு பக்கெட்ல உங்க தொட்டித் தண்ணி எடுத்து அதுல பிழிஞ்சு வாங்கிட்டு வாங்க. டிகாக்‌ஷன் கலர்ல கலங்கலா வரும், பார்க்க அசிங்கமா இருக்கும், ஆனா அதை அப்படியே ஃபில்டர் கிட்ட ஊத்துங்க, வாரக்கணக்கு குறையும். அவங்க தொட்டியில நோய் இல்லைன்னு மட்டும் கேட்டுக்கங்க. யாரும் இல்லைன்னா மீன் இல்லாமலே ஃபில்டரை ஓட விட்டு தெனம் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போட்டுட்டே வாங்க, டெஸ்ட் கிட்ல அமோனியா நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டி நைட்ரேட் காட்டினா அப்ப தான் தொட்டி ரெடி. கடையில சும்மா குடுக்கற நீல மருந்தை இந்த நேரத்துல ஊத்தாதீங்க, மெத்திலின் ப்ளூ இந்த பாக்டீரியாவையும் சேர்த்து காலி பண்ணிரும்.

அடுத்தது தண்ணி. நம்ம பக்கம் வீட்டுக்கு மூணு தண்ணி இருக்கும். 2013-லேர்ந்து தர்மபுரி கிருஷ்ணகிரி ரெண்டு ஜில்லாவுக்கும் வர்ற ஒகேனக்கல் தண்ணியில குளோரின் இருக்கும், அது செவுளை எரிச்சுரும், அதனால பக்கெட்ல புடிச்சு ஒரு நாள் காத்து போட்டு வைங்க, இல்ல ஆன்டி குளோரின் போடுங்க. போர் தண்ணி உப்பும் கடினமுமா இருக்கும், மோட்டார் போட்ட உடனே புடிச்ச தண்ணியில ஆக்சிஜனும் கம்மி, அதையும் ஒரு நாள் காத்து போட்டு தான் ஊத்தணும். கேன் தண்ணி இருக்கே, அது தான் பெரிய ஏமாத்து. நாம குடிக்கறது தானே மீனுக்கும் நல்லதுன்னு கேன் கேனா ஊத்தறாங்க, ஆர்ஓ தண்ணியில தாது எதுவுமே கம்மி, பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, நிலையா நிக்காது, திடீர்னு எறங்கிரும். உங்க வீட்ல போர் தண்ணி தான்னா கப்பி, மோலி, பிளாட்டி வாங்குங்க, அதுங்களுக்கு கடின தண்ணி புடிக்கும். கோல்டு ஃபிஷ் நெறைய கழிக்கும், ரெண்டடிக்கு எட்டுங்கறது அநியாயம், இப்ப தான் தெரியுது.

மீன் போட்டுக் குடுக்கற பிளாஸ்டிக் கவரை பத்தி சொல்லணும். பைக் ஹேண்டில்ல தொங்க விட்டு ஏப்ரல் வெயில்ல வராதீங்க, துணிப்பைக்குள்ள போட்டு இருட்டா எடுத்துட்டு வாங்க. லோக்கல் கடை மீன்னா கவரை அப்படியே 15-20 நிமிஷம் தொட்டியில மிதக்க விட்டு, அப்புறம் வாயைத் திறந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் அரை டம்ளர் தொட்டித் தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் கழிச்சு வலையில அள்ளி விடுங்க. ஆனா சென்னை கொளத்தூர்லேர்ந்தோ பெங்களூர்லேர்ந்தோ பல மணி நேரம் மூடின கவர்லயே வந்த மீன்னா கதையே வேற. மூடின கவர்ல மீன் விடற கார்பன் டை ஆக்சைடால பிஎச் எறங்கி இருக்கும், அப்ப அமோனியா அவ்வளவா கடிக்காது. திறந்த உடனே பிஎச் ஏறும், 7-லேர்ந்து 8 ஆனாலே விஷ அமோனியா கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதனால மூடின கவரோடவே சூடு சமமாகற வரைக்கும் மிதக்க விட்டு, திறந்தப்புறம் மணிக்கணக்கா இழுக்காம சீக்கிரம் விட்டுருங்க. எப்படி வந்தாலும் கவர்த் தண்ணி தொட்டிக்குள்ள போகக்கூடாது, செடிக்கு ஊத்துங்க.

ஒரே நாள்ல எல்லா மீனையும் விடாதீங்க, ரெண்டு மூணு விட்டு பத்து நாள் கழிச்சு அடுத்தது. கரென்ட் போனா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒன்னு வாங்கி வைங்க. ஃபில்டரை கழுவணும்னா மாத்தறதுக்கு எடுத்த தொட்டித் தண்ணியிலயே அலசுங்க, குழாயில வேண்டாம், சோப்பு பக்கமே போகாதீங்க.

விட்ட அன்னிக்கு லைட்டை அணைச்சுருங்க, சாப்பாடும் போடாதீங்க. எங்க வீட்ல பசங்க "பாவம்ப்பா பசிக்கும்"னு டப்பாவைத் தூக்கிட்டு வந்து நின்னுச்சுங்க, ஒரு நாள்ல எதுவும் ஆகாதுன்னு சொல்லி டப்பாவை பீரோ மேல வச்சுட்டேன்.