‘ஆம்’ என்று விழும் வாக்கெல்லாம் ஆதரவு அல்ல: அமெரிக்க மாநில மசோதாக்களைப் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்பாலான அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்கள் ஜனவரியில் கூடுகின்றன. அதே நேரத்தில்தான் புதிய தன்னார்வலர்களும் வந்து சேர்கிறார்கள். ஒருவருக்கு வாடகைச் சட்டம் முக்கியம், இன்னொருவருக்குப் பள்ளி நிதி, வேறொருவருக்கு நர்ஸ் உரிமம். லெஜிஸ்கேன், ஓப்பன் ஸ்டேட்ஸ் போன்ற தளங்களில் மசோதாவைத் தேடுவது எப்படி, உறுப்பினர்கள் போட்ட வாக்கைப் பார்ப்பது எப்படி என்று அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். கொஞ்ச நாளில் அவர்கள் அனுப்பும் பட்டியலைத் திறந்தால், இந்த வேலைக்கு வந்த நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகள் வரிசையாக நிற்கும்.

மாநிலத்தை மாற்றித் தேர்ந்தெடுப்பது, எழுத்துப்பிழையோடு தேடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை தானாகவே தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, வெளியே அனுப்பிய பிறகு வெடிக்கும் தவறுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மசோதா எண்ணை மட்டும் எழுதி வைப்பது

‘ஹெச்.பி. 1’ (ஹவுஸ் பில், அதாவது கீழவை மசோதா எண் 1) என்று ஒரு மசோதா பல மாநிலங்களில் இருக்கும். புதிய கூட்டத்தொடரில் எண்கள் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் மாநிலங்கள் பல. டெக்சஸில் ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டினால் அதற்கும் தனி ஹெச்.பி. 1 உண்டு. எனவே மாநிலம், கூட்டத்தொடர், எண் ஆகிய மூன்றையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தொடரின் கணக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸ், மொன்டானா, நெவாடா, வடக்கு டகோட்டா ஆகிய நான்கிலும் வழக்கமான கூட்டம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும்தான். டெக்சஸில் அது அதிகபட்சம் 140 நாள். கலிஃபோர்னியாவில் கூட்டத்தொடர் இரண்டு ஆண்டு ஓடும். முதல் ஆண்டில் முடியாத மசோதா இரண்டாம் ஆண்டிலும் உயிரோடு இருக்கலாம். ஃபுளோரிடாவில் அந்த ஆண்டுக் கூட்டம் முடிந்தால் கதை முடிந்தது, அடுத்த ஆண்டு புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். இது தெரியாதவர்கள், இறந்துபோன மசோதாவுக்கு எதிர்பார்ப்போடு காத்திருப்பார்கள். டேட்டாபேஸில் அதன் நிலை ‘தாக்கல் செய்யப்பட்டது’ என்றே கடைசிவரை நிற்கலாம். ‘இது செத்துவிட்டது’ என்று யாரும் வந்து அறிவிக்க மாட்டார்கள்.

‘ஆம்’ என்றால் ஆதரவு என்று எண்ணுவது

இந்தத் தவறைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறுவதில்லை, ஏனென்றால் இதில் அடிபடுவது நம் பக்கம் நின்றவர்கள்.

இந்தியாவில் 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவு போட்டால் உறுப்பினர் அதை மீறுவது அரிது. அதனால் நம்மில் பலருக்குத் தனி ஒரு உறுப்பினரின் வாக்கைத் தேடிப் பார்க்கும் பழக்கமே இல்லை. அமெரிக்க மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. பெயர்வாரி வாக்கெடுப்பில் ஒவ்வொருவர் வாக்கும் அவரவர் பெயரில் நிற்கும், அதற்கு அவரவரே பதில் சொல்ல வேண்டும். இதைக் கண்ட புதியவர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. உடனே எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்: ‘ஆம்’ போட்டவர் நண்பர், ‘இல்லை’ போட்டவர் எதிரி.

ஆனால் உறுப்பினர்கள் வாக்களிப்பது மசோதாவின் மீது அல்ல, அந்த நேரத்தில் அவையின் முன் இருக்கும் தீர்மானத்தின் மீது. அந்தத் தீர்மானம் ‘இந்த மசோதாவை நிறைவேற்றலாம்’ என்றும் இருக்கலாம், ‘இதைக் கொன்றுவிடலாம்’ என்றும் இருக்கலாம்.

நியூ ஹாம்ப்ஷயரைப் பாருங்கள். அங்கே கமிட்டிக்குப் போகும் மசோதாக்கள் பொதுவாக ஏதாவது ஒரு பரிந்துரையோடு அவைக்குத் திரும்பி வரும். மசோதா வேண்டாம் என்றால் அந்தப் பரிந்துரைக்குப் பெயர் ‘இன்எக்ஸ்பீடியன்ட் டு லெஜிஸ்லேட்’, சுருக்கமாக ஐ.டி.எல். சட்டமாக்குவது உகந்ததல்ல என்று பொருள். அவையில் முதலில் வாக்கெடுப்புக்கு வருவது அந்தப் பரிந்துரைதான். அதற்கு ‘ஆம்’ போடுபவர் மசோதாவைக் கொல்கிறார். ‘இல்லை’ போடுபவர் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார். அந்தத் தீர்மானம் தோற்றால், ‘ஆட் டு பாஸ்’, அதாவது நிறைவேற்றலாம் என்ற தீர்மானம் எழலாம். அப்போது முன்பு ‘இல்லை’ போட்ட அதே ஆள் ‘ஆம்’ போடுவார். அவர் நிலை மாறவே இல்லை. கேள்விதான் தலைகீழாக மாறியது.

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் வாடகைதாரர்களுக்கான மசோதா ஒன்றைக் கவனித்துவந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, மென்பொருள் வேலையில் கெட்டிக்காரர், லெஜிஸ்கேனின் ஏ.பி.ஐ. (நிரல் மூலம் தரவை எடுக்கும் வசதி) வழியாக அந்தக் கூட்டத்தொடரின் வாக்குகள் முழுவதையும் இறக்கினார். ‘ஆம்’ என்றால் ஒரு மதிப்பெண், ‘இல்லை’ என்றால் பூஜ்யம் என்று நிரல் எழுதி, உறுப்பினர் வாரியாக மதிப்பெண் அட்டை தயாரித்துவிட்டார். பார்க்க அழகாக இருந்தது. யாரும் சரிபார்க்காமல் அதை வெளியிட்டு, உறுப்பினர்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள்.

அந்த அட்டையில் சிவப்பு நிறத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர், ஐ.டி.எல். தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்து அந்த மசோதாவைக் காப்பாற்ற முயன்றவர்கள். மசோதாவை எதிர்த்தவர்கள் பச்சையில் இருந்தார்கள்.

நியூ ஹாம்ப்ஷயர் பிரதிநிதிகள் சபையில் 400 பேர். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். பெரும்பாலானவர்களுக்குச் சொந்த உதவியாளர் கிடையாது, அஞ்சலை அவர்களே படிக்கிறார்கள். சிவப்பில் இருந்த ஓர் உறுப்பினர் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. “உங்களுக்காகத்தானே அவையில் எழுந்து பேசினேன்?” என்று மட்டும் கேட்டார். திருத்தம் வெளியிட்டார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அடுத்த முறை அதே பொருளில் மசோதா கொண்டுவரக் கேட்டபோது அவர் கையெழுத்துப் போடவில்லை. ஒரு மாநிலத்தில் நமக்காக எழுந்து பேசும் ஆட்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களில் ஒருவரை இப்படி இழப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. தம்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. யாராவது ஒருவர் தீர்மானத்தின் பெயரைப் படித்திருந்தால் போதும்.

இது நியூ ஹாம்ப்ஷயரில் மட்டும் நடப்பதல்ல. கொலராடோவில் ‘போஸ்ட்போன் இன்டெஃபினிட்லி’ (காலவரையின்றித் தள்ளிவை) என்ற தீர்மானத்துக்கு விழும் ‘ஆம்’ மசோதாவை முடித்துவைக்கும் வாக்கு. வர்ஜீனியாவில் ‘பாஸ் பை இன்டெஃபினிட்லி’ என்பதும் அதேதான். அதில் ‘நிறைவேற்று’ என்றும் பொருள்படும் ‘பாஸ்’ என்ற சொல் வருவதால் ஏமாறுபவர்கள் இன்னும் அதிகம். மெய்ன் மாநிலத்தில் மசோதா வேண்டாம் என்பவர்கள் ‘ஆட் நாட் டு பாஸ்’ (நிறைவேற்ற வேண்டாம்) அறிக்கையை ஏற்பதற்கு ‘ஆம்’ போடுவார்கள். டெக்சஸ் கீழவையில் ஒரு திருத்தம் பிடிக்கவில்லை என்றால் அதை ‘டேபிள்’ செய்ய, அதாவது ஒதுக்கிவைக்கத் தீர்மானம் கொண்டுவருவார்கள். அங்கே ‘ஆம்’ என்றால் அந்தத் திருத்தம் வேண்டாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முடிந்துபோன வாக்கெடுப்பை மறுபடி எடுக்கக் கோர, பல அவைகளில் வென்ற பக்கம் வாக்களித்தவரால்தான் முடியும். அதனால் மசோதா தோற்கப் போகிறது என்று தெரிந்ததும், அதை நடத்திச் செல்லும் தலைவரே கடைசி நேரத்தில் தன் வாக்கை ‘இல்லை’ என்று மாற்றுவார். மறுநாள் அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கான வழி அது. பட்டியலில் அவர் எதிரியாகத் தெரிவார்.

சரி, என்னதான் செய்வது? வாக்குகளை இறக்குவதற்கு முன் ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள். முதலில் தீர்மானத்தின் பெயர், தளத்தில் இருக்கிறபடியே. இரண்டாவது, ‘ஆம்’ வென்றால் மசோதாவுக்கு என்ன ஆகும் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வரி. மூன்றாவது, நம் நிலைப்பாட்டின்படி எது நல்ல வாக்கு. இதைக் கையால்தான் எழுத வேண்டும், நிரல் செய்யாது. டேட்டாபேஸில் ‘நிறைவேறியது’ என்று ஒரு குறி இருக்கும். அது தீர்மானத்துக்கானது, மசோதாவுக்கானது அல்ல. சந்தேகம் வந்தால் மசோதாவின் வரலாற்றில் அடுத்த வரியைப் பாருங்கள். வாக்கெடுப்புக்குப் பிறகு மசோதா நகர்ந்ததா, நின்றதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பெயர்ப் பட்டியல் இல்லையென்றால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைப்பது

குரல் வாக்கெடுப்பில் பெயர்கள் பதிவாவதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் பதிவேட்டில் வி.வி. என்றால் குரல் வாக்கு, ஆர்.சி. என்றால் பெயர்வாரி வாக்கு. இடையில் டி.வி. என்று ஒன்று வரும்: அதில் எண்ணிக்கை இருக்கும், பெயர்கள் இருக்காது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கலிஃபோர்னியாவில் இதைவிடக் கவனம் வேண்டும். அங்கே சாதாரண மசோதா நிறைவேற மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை தேவை: 80 பேர் கொண்ட அசெம்பிளியில் 41, 40 பேர் கொண்ட செனட்டில் 21. ஆகவே வாக்களிக்காமல் இருப்பதும் விளைவில் ‘இல்லை’ போடுவதும் ஒன்றுதான். அவைக்கு வராதவரும், அவையில் உட்கார்ந்தபடி வாக்களிக்காதவரும் பதிவில் ஒரே மாதிரி ‘வாக்கு பதிவாகவில்லை’ என்றே வருவார்கள். மசோதாவை எதிர்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எதிர்க்க இது வசதியான வழி. ‘இல்லை’ நெடுவரிசையை மட்டும் பார்ப்பவர்கள் இவர்களைத் தவறவிடுகிறார்கள். ஆனால் ஒரே ஒரு பதிவை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், அன்று அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். பல மசோதாக்களில் இதே போக்கு தெரிந்தால் அப்போது கேளுங்கள்.

டெக்சஸ் கீழவையின் குறிப்பேட்டில், ‘என் வாக்கு இப்படிப் பதிவாகியிருக்கிறது, நான் போட நினைத்தது வேறு’ என்று உறுப்பினர்கள் எழுதிவைப்பார்கள். அதனால் முடிவு மாறாது. மற்ற தளங்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒருவர் பெயரைப் பொதுவில் எழுதுவதற்கு முன் அதிகாரபூர்வக் குறிப்பேட்டைப் புரட்டுவது நியாயம்.

எண்ணைப் பின்தொடர்ந்து உரையை விட்டுவிடுவது

ஒரு மசோதாவின் உள்ளடக்கம் முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு, அதே எண்ணில் வேறு பொருளை நுழைக்க முடியும். கலிஃபோர்னியாவில் இது நெடுநாள் வழக்கம். 2016-இல் வாக்காளர்கள் ஏற்ற 54-ஆம் முன்மொழிவுக்குப் பிறகு, இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருந்தாக வேண்டும். நமக்குக் கிடைக்கும் அவகாசமும் அந்த மூன்று நாள்தான். அரிசோனாவில் இப்படிப்பட்ட திருத்தங்களை ‘ஸ்ட்ரைக்கர்’ என்பார்கள்.

தலைகீழாகவும் நடக்கும். நீங்கள் கவனித்த மசோதா கமிட்டியிலேயே நின்றிருக்கும், அதன் வரிகள் மட்டும் பெரிய கூட்டு மசோதா ஒன்றுக்குள் போய்ச் சட்டமாகிவிடும். மினசோட்டாவில் இது சகஜம். சில நேரம், அதே பொருளில் மேலவையில் இருக்கும் இணை மசோதா முன்னேறி, கீழவை மசோதா கிடப்பில் கிடக்கும். ஆகவே எண்ணுக்கு ஒரு அலர்ட், அந்த மசோதாவில் மட்டுமே வரக்கூடிய ஒரு சொற்றொடருக்கு இன்னொரு அலர்ட். புதிய பதிப்பு வந்தால் முந்தையதோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மேலே இருக்கும் சுருக்கத்தை நம்ப வேண்டாம், அது பழைய பதிப்புக்கு எழுதப்பட்டதாக இருக்கலாம்.

முன்மொழிந்தவர் எல்லாம் ஆதரவாளர் என்பது

மாசசூசெட்ஸில் எந்தக் குடிமகனும் தன் உறுப்பினர் வழியாக மசோதா தாக்கல் செய்யலாம். ‘பை ரிக்வெஸ்ட்’ என்று இருந்தால், கேட்டதற்காகக் கொடுத்தார் என்று மட்டும் பொருள்.

கமிட்டியின் கருத்துக்கேட்பு (ஹியரிங்) நாளுக்கு டேட்டாபேஸை நம்புவது

கூடாது. நேரமும் அறையும் மாறும். மாநிலத்தின் சொந்தத் தளத்தையே பாருங்கள்.

இன்றைய கட்சியைப் பழைய வாக்குக்கு ஒட்டுவது

வட கரோலினாவில் ட்ரிஷா கோத்தம் 2023 ஏப்ரலில் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்கு மாறினார். ஆளுநரின் வீட்டோவை முறியடிக்கத் தேவையான பலம் அதனால் அந்தக் கட்சிக்குக் கீழவையில் கிடைத்தது. மார்ச்சில் அவர் போட்ட வாக்கை இன்றைய கட்சிப் பெயரோடு எண்ணினால் உங்கள் அட்டவணை தப்பாகிவிடும். வாக்கு விழுந்த நாளில் இருந்த கட்சியைத் தனியாகக் குறித்துவையுங்கள். கீழவையிலிருந்து மேலவைக்குப் போனவர்கள், இடைத்தேர்தலில் வந்தவர்கள், ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஆகியோருக்கும் பெயரை வைத்து இணைக்காமல், தளம் கொடுக்கும் அடையாள எண்ணை வைத்து இணையுங்கள்.

ஆளுநர் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்வது

பல மாநிலங்களில் கையெழுத்து இல்லாமலும் சட்டமாகும். டெக்சஸில் ஆளுநருக்குப் பொதுவாக 10 நாள், கூட்டத்தொடரின் கடைசியில் வந்து சேரும் மசோதாக்களுக்கு அது முடிந்த பின் 20 நாள் அவகாசம். அதற்குள் வீட்டோ செய்யாவிட்டால் மசோதா தானாகவே சட்டம். கையெழுத்தான செய்தி வரவில்லையே என்று காத்திருந்தால் விட்டுவிடுவீர்கள்.

சட்டமானதும் அமலுக்கு வந்துவிட்டது என்றும் எழுதாதீர்கள். டெக்சஸில் பல சட்டங்கள் செப்டம்பர் 1 அன்றும், வர்ஜீனியாவில் பெரும்பாலானவை ஜூலை 1 அன்றும் தொடங்கும். இல்லினாயில் மே 31-க்குப் பிறகு நிறைவேறும் மசோதா, இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு பெறாவிட்டால் அடுத்த ஆண்டு ஜூன் 1-க்கு முன் அமலாக முடியாது. அமலாகும் தேதி பெரும்பாலும் மசோதாவின் கடைசிப் பிரிவில் இருக்கும். வாடகைதாரரிடம் ‘இனி உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது’ என்று சொல்வதற்கு முன் அந்தப் பிரிவைத் திறந்து படித்துவிடுங்கள்.