புறாத்தீவுக்குப் போகிறவர்கள் விடும் பிழைகள்

"அங்கே என்ன இருக்கு? ஒரு கல்லும் நாலு மரமும்தான்." இலங்கையின் கிழக்கே, திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கரையில் புறாத்தீவைப் பார்த்துவிட்டுப் படகிலிருந்து இறங்கும் ஆட்கள் இப்படி அலுத்துக்கொள்வதை எந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்கலாம். கல் என்று சொல்வதில் பிழையில்லை. பெரிய புறாத்தீவு ஏறத்தாழ 200 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும்தான், உச்சி 45 மீட்டர் வரும். பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று, சுற்றிலும் பாறைத் துண்டுகள். கரையில் நடந்து முடிக்க அரை மணி நேரம்கூட வேண்டாம்.

ஆனால் 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது இந்தக் கல்லுக்காக மட்டுமல்ல. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர். தீவின் அளவோடு இதை ஒப்பிட்டால் தெரியும், பூங்கா என்பது ஏறக்குறைய முழுவதும் கடல். நூறளவு முருகைக்கல் (பவளப்பாறை) இனங்களும் முந்நூறளவு மீனினங்களும் அந்தத் தண்ணீருக்குள் இருக்கின்றன. ஆகவே தீவைப் பார்க்கப் போவதுதான் முதல் பிழை. தண்ணீருக்குள் முகத்தை வைக்கும் எண்ணமே இல்லாதவர் அந்தக் காசை மிச்சம் பிடித்து உப்புவெளிக் கரையில் உட்கார்ந்து நண்டுக்கறியோடு சாப்பிடலாம். உண்மையாகவே அது நல்ல நாளாக அமையும்.

மாதத்தைப் பிழையாகப் பிடிப்பது

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர் வருவது மார்கழி விடுமுறைக்கு. அவர்களைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போனால் வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துக்கொண்டு நிற்கும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை மழையும் அலையும் இந்தக் கரையைத்தான் நேரே அடிக்கும். படகு ஓடாது. ஓடினாலும் தண்ணீர் கலங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாது.

கொழும்பு ஆட்கள் இதற்கு நேர்மாறாகத் தடுமாறுவார்கள். ஜூனில் அங்கே மழை கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "இப்ப கடற்கரைக்குப் போற காலமா?" என்று பயணத்தைத் தள்ளிவைப்பார்கள். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாகத்தான் கிழக்குக் கரைக்கு வருகிறது. அந்த மாதங்களில்தான் திருகோணமலை வெயிலில் காயும். சித்திரை கழியக் கடல் அடங்கத் தொடங்கும். மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம்.

நல்ல காலத்திலும் ஒரு பொறி உண்டு, கச்சான் காற்று. அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலையே இருக்காது, தண்ணீர் தட்டுப்போலக் கிடக்கும். அதை நம்பி காற்றடித்த ரயர் வளையத்திலோ மிதவைப் படுக்கையிலோ பிள்ளைகளை ஏற்றி விடுகிறார்கள். காற்று அதை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகும், மேலே இருப்பவருக்கு நகர்வதே தெரியாது. ஓரத்தில் தட்டையாகத் தெரிந்த கடல், கொஞ்சத் தூரம் போனதும் குத்தலெடுத்து ஆடும். திரும்பி வர எதிர்க்காற்றில் கையால் துழாவ வேண்டும். நிலாவெளியானாலும் தீவானாலும் மிதவைக்கு ஒரு கயிறு கட்டாயம், கயிற்றின் மறுமுனை கரையில் நிற்கும் பெரியவர் கையில் இருக்க வேண்டும். கடலைப் பார்த்துவிட்டுப் படகுக்காரர் "இண்டைக்கு வேண்டாம்" என்றால், கூடுதல் காசைக் காட்டி அவரை இறங்க வைக்கப் பார்க்காதீர்கள்.

பதினொரு மணிக்குப் போய் இறங்குவது

கொழும்பிலிருந்து திருகோணமலைக்கு வான் வண்டியில் ஆறேழு மணி நேரம். இரவு வெளிக்கிட்டு, வழியில் தேத்தண்ணிக்கு இரண்டு முறை நிறுத்தி, காலையில் கோணேசர் கோயிலையும் முடித்துக்கொண்டு நிலாவெளிக்கு வந்தால் பதினொன்றாகிவிடும். அந்த நேரத்தில் தீவின் சின்னக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. வெயில் உச்சியில் இருக்கும், நிழல் தரும் மரம் கொஞ்சம்தான், அதற்குக் கீழே முன்னமே வந்தவர்களின் பைகள் கிடக்கும். நூறு கால்கள் கிளப்பிய மணலில் தண்ணீரும் மங்கியிருக்கும்.

முதல் நாள் பின்னேரமே ஊருக்கு வந்து தங்குங்கள். இரவே படகுக்குச் சொல்லி வைத்துவிட்டு, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கவுண்டர் திறக்கும் நேரத்துக்கு வரிசையில் நில்லுங்கள். நிலாவெளியிலிருந்து தீவு ஒரு கிலோமீட்டர்தான், படகில் பத்து நிமிடத்துக்குள். காலைத் தண்ணீர் தெளிவாக இருக்கும், மீன்களும் ஆமைகளும் கரையை ஒட்டியே நிற்கும். போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளையும் ஓகஸ்ட் பள்ளி விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, படகுக் காசு படகுக்கு, தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் வேண்டுமென்றால் அதற்கு வேறு வாடகை. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று கரையில் யாராவது சொன்னால், எது எதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். படகை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் செலவு இறங்கும். தேசிய அடையாள அட்டையை ஹோட்டலில் விட்டுவிட்டு வராதீர்கள். வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு. நல்ல திருகோணமலைத் தமிழில் கதைத்துப் பார்த்தாலும் கவுண்டரில் அட்டையைத்தான் கேட்பார்கள்.

தீவில் கடை இல்லை, தங்குமிடமும் இல்லை. குடிதண்ணீரைக் கொண்டுபோங்கள், வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

எழுந்து நிற்பது

எல்லாப் பிழைகளிலும் பெரியது இதுதான். செய்கிறவர்கள் கெட்ட மனிதர்களும் அல்ல, பயந்தவர்கள்.

நடப்பது இப்படி. கண்ணாடியை மாட்டியதும் நேரே முருகைக்கல் இருக்கும் பக்கம் இறங்குகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிகிறது, மூக்குக்குள் உப்பு ஏறுகிறது, நெஞ்சு பதறுகிறது. உடனே கால் கீழே போகிறது. கீழே இருப்பது மணல் அல்ல, மான்கொம்பு மாதிரிக் கிளைவிட்ட உயிருள்ள முருகைக்கல். 'மளுக்' என்று கிளை முறியும், தண்ணீருக்குள் அந்தச் சத்தமே கேட்கும். காலிலும் கீறல் விழும். முருகைக்கல் என்பது கல்லல்ல. நெல்மணியளவு பிராணிகள் கூட்டமாக இருந்து கட்டும் சுண்ணாம்பு வீடு. குமிழாக வளரும் வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்ரிமீட்டர் அளவுதான் வளரும். கிளைவகை அதைவிட வேகம், முறிவதும் அதைவிடச் சுலபம். 1998இல் கடல் சூடேறி இலங்கையின் தென், மேற்குக் கரை முருகைக்கற்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதைச் செருப்புக் காலால் மிதிப்பது பொறுக்கக்கூடிய காரியமல்ல.

கால் கீழே போகாமலிருக்க அறிவுரையால் பயனில்லை, பழக்கம்தான் வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு முந்தைய நாள் பின்னேரம் நிலாவெளி மணற்கரையில் இடுப்பளவு தண்ணீர் போதும். கண்ணாடியின் வாரை இழுத்து இறுக்கினால் கசியாது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதிகம் இறுக்கினால்தான் ரப்பர் மடிந்து கசியும். வார் இல்லாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் அது ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு அளவு சரி. ரப்பருக்கு அடியில் ஒரு முடிக்கற்றையும் இருக்கக்கூடாது. நம் ஆண்களுக்கு வரும் சிக்கல் மீசை. மேலுதட்டில் ரப்பர் படியும் இடத்தில் கொஞ்சம் வசலின் தடவினால் கசிவு குறையும். மீசையை மழிக்கச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்! கண்ணாடி மங்காமலிருக்க உள்ளே எச்சில் தடவிக் கடல் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், விலையுயர்ந்த மருந்து தேவையில்லை.

அடுத்து, உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றுவது. கண்ணாடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் தண்ணீர் கீழால் போய்விடும். இதை இடுப்பளவு தண்ணீரில் பழகியவருக்கு மறுநாள் நெஞ்சு பதறாது. அப்படியும் பதறினால் மல்லாந்து படுத்துவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் உங்களைத் தாங்கும், கால் தானாக மேலே வரும்.

நீந்தத் தெரியாதவர் வெட்கப்பட்டு அதைச் சொல்லாமலிருப்பதும் உண்டு. சொன்னால், வழிகாட்டியாக வரும் தம்பிமார் ஒரு மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி இழுத்துக்கொண்டு போவார்கள். தலையைக் குனிந்து பார்ப்பது மட்டும்தான் உங்கள் வேலை. பெண்கள் சுரிதாரின் சால்வையோடு இறங்க வேண்டாம், தண்ணீரில் அது காலிலும் கழுத்திலும் சுற்றும். இறுக்கமான கால்சட்டையும் நீளக்கை ரீசேர்ட்டும் போதும். குடித்துவிட்டு இறங்குபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களை இறங்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

நீளக்கைச் சட்டைக்கு இன்னொரு காரணமும் உண்டு. முகம் குப்புற ஒரு மணி நேரம் மிதக்கும்போது முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெயிலில் வேகும். தண்ணீரின் குளிர்ச்சியில் எரிவது தெரியாது, இரவில் கட்டிலில் சாயும்போதுதான் தெரியும். கறுத்தத் தோல் எரியாது என்பது வெறும் கதை. துணியால் மூடினால் சன்கிறீம் பூசும் அளவும் குறையும். சில வகைக் கிறீம்களில் உள்ள ரசாயனங்கள் முருகைக்கல்லுக்குக் கேடு என்பதால் அதுவும் நல்லதே.

சுறாவும் ஆமையும் பாணும்

செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் இங்கே இடுப்பளவு தண்ணீருக்கே வரும். ஆளைக் கண்டால் விலகிப் போகும் கூச்சப் பிராணி அது. இதில் இரண்டு விதமான பிழை. ஒன்று, "சுறா!" என்று கத்திக்கொண்டு தண்ணீரை அடித்து ஓடுவது, ஓடும்போது மிதிபடுவது மறுபடியும் முருகைக்கல்தான். மற்றது, கைபேசியை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் துரத்துவது. அசையாமல் மிதந்தால் அதுவே திரும்ப வரும்.

ஆமையும் அப்படியே. அதற்கு மூச்செடுக்க மேலே வர வேண்டும், வழியை மறித்து நாலு பேர் சூழ்ந்து நின்றால் அது எப்படி வரும்? தொடுவதும் ஓட்டைப் பிடிப்பதும் சட்டப்படி குற்றம். கரையில் குவிந்து கிடக்கும் செத்த முருகைத் துண்டையோ சிப்பியையோ பையில் போடுவதும் பூங்காவில் குற்றமே, "கீழே கிடந்ததுதானே" என்ற நியாயம் எடுபடாது. அந்தத் துண்டுகளின்மேல் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கிழியும், தடித்த அடியுள்ள செருப்பைக் கரையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாண் துண்டை எறிந்து மீனைக் கூட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முருகைக்கல்லில் படரும் பாசியை மேய்ந்து அதைத் துப்புரவாக வைத்திருப்பது இந்த மீன்கள்தான், பாணுக்குப் பழகினால் மேய்ச்சல் கெடும். நங்கூரத்தை முருகைக்கல்லில் போடாமல் மணலில் நிறுத்தச் சொல்லியும் படகுக்காரரிடம் கேட்கலாம். நல்ல படகுக்காரர் கேட்காமலே அப்படித்தான் செய்வார், தீவு கெட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

தீவின் பெயருக்குக் காரணமான மாடப்புறாக்கள் மேலே பாறை இடுக்குகளில் கூடு வைத்திருக்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் இந்தத் தீவைச் சுட்டுப் பழகும் இலக்காக வைத்திருந்தார்கள். இன்றைக்கு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டு அவற்றை விரட்டுகிறோம். பாறையில் ஏறித்தான் பார்க்க வேண்டுமென்றால் பாதையை விட்டு விலகாமல், சத்தமில்லாமல் ஏறுங்கள்.

ஒரே நாளில் எல்லாம்

திருகோணமலைக்கு வெளியே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. ஆழ்கடல் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் நீலத் திமிங்கிலங்களைக் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே காண முடிகிறது. அந்தப் படகும் விடியலில்தான் போகும். திமிங்கிலத்தையும் தீவையும் ஒரே காலையில் அடக்கினால் இரண்டாவது போகும் இடத்தில் உங்களுக்கு மிஞ்சுவது வெயிலும் வாந்தியும். இரண்டு நாள் இல்லையென்றால் ஒன்றை விடுங்கள். என்னைக் கேட்டால் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குத் தீவுதான்.

தீவால் வந்து அதே ஈர உடுப்போடு கோணேசர் கோயிலுக்கு ஏறுபவர்களையும் பார்க்கலாம். சம்பந்தர் பாடிய தலம் அது. குளித்து மாற்றி, பின்னேரம் வெயில் தணிந்ததும் போங்கள். மதியத்தில் நடை சாத்தியிருக்கும், தரைக் கல்லும் வெறுங்காலைச் சுடும். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டைக்குள் நிற்கும் மான்களுக்குத் தின்பண்டத்தைப் பையோடு நீட்ட வேண்டாம், பொலித்தீன் தின்று மான் செத்த செய்தி இந்த ஊருக்குப் புதிதல்ல.

கன்னியா வெந்நீரூற்றையும் சிலர் குளியல் தடாகம் என்று எண்ணி நீச்சலுடையோடு போய் ஏமாறுகிறார்கள். அவை ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். இராவணன் தாய்க்கு நீர்க்கடன் செய்த இடமென்ற ஐதீகத்தால் கிரியை செய்ய வருபவர்களும் அங்கே இருப்பார்கள். ஒரு துவாயும் மாற்றுடுப்பும் கொண்டுபோங்கள், சவர்க்காரத்தைப் பையிலேயே விடுங்கள்.