டேபிள் என்றால் மேசை மட்டுமா?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் கவனிக்க. டேபிள் என்றால் மேசை, அதில் குழப்பமில்லை. வினைச்சொல்லாக வரும்போதுதான் வம்பு. ‘லெட்ஸ் டேபிள் இட்’ என்று லண்டன்காரர் சொன்னால், விஷயத்தை இப்போதே பேச எடுப்போம் என்று பொருள். நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை ‘டேபிள்’ செய்வதும் இந்த வழிதான், அவையில் வைப்பது. அமெரிக்கர் அதையே சொன்னால், கிடப்பில் போடுவோம் என்று அர்த்தம். நேர் எதிர்! இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்கத் தளபதிகள் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் மல்லுக்கட்டியதை சர்ச்சிலே எழுதியிருக்கிறார். பேசாமல் ‘டிஸ்கஸ்’ அல்லது ‘போஸ்ட்போன்’ என்று போட்டுவிடுங்கள். ‘அண்டர் த டேபிள்’ சமாச்சாரமோ, அதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.